பள்ளிவாசல் மாடியில் ஒரு கடன் மையம்: ஆறு மாத அனுபவம்

திருப்பூர் காங்கேயம் சாலையை ஒட்டியுள்ள பள்ளிவாசல்களுள் ஒன்றின் மாடியறையில், ஜமாஅத்தார் (அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த முஸ்லிம் சமூகத்தார்) வட்டியில்லாக் கடன் மையம் ஒன்றை நடத்திவருகின்றனர். 2025 அக்டோபரில் மனைவியின் ஒரு பவுன் வளையலை அங்கே அடகு வைத்து 50,000 ரூபாய் வாங்கினேன். நோன்புப் பெருநாள் முடிந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் கடைசித் தவணையைக் கட்டி வளையலை மீட்டேன். நல்ல சேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் திருத்தப்பட வேண்டிய மூன்று நான்கு குறைகள் அங்கே உண்டு. அவற்றை நிர்வாகிகளிடம் நேரிலேயே சொல்லிவிட்டதால் பள்ளிவாசலின் பெயரை இங்கே எழுதவில்லை. இதுபோன்ற மையங்கள் கோவையிலும் ஈரோட்டிலும் பல ஜமாஅத்துகளில் நடக்கின்றன. புதிதாகத் தொடங்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டு மெஷின்கள் போட்டு ஜாப்வொர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்காரன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கையிலிருந்த ஆர்டரை நிறுத்தி வைத்தன. அதன் அடி எங்களைப் போன்றவர்கள் மேல்தான் முதலில் விழுந்தது. தைத்துக் கொடுத்த பீஸுக்கே பணம் வர இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் சனிக்கிழமை சம்பளத்தைத் தள்ளிப் போட முடியாது. டெய்லருக்கும் செக்கிங் பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்கியாக வேண்டும். தெரிந்த பைனான்ஸ்காரர் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குத் தருவதாகச் சொன்னார். 50,000க்கு மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக் கணக்கில் 24 சதவீதம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டாலும், கைமாற்று அவசரத்தில் எவரும் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ‘வட்டி வாங்குவது மட்டும் பாவமல்ல, கொடுப்பதும் பாவம்தானே’ என்று என் மனைவிதான் வளையலைக் கழற்றித் தந்தாள்.

மையம் அஸர் என்னும் மாலைத் தொழுகைக்கும் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கும் இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். மேசையில் ஒரு மின்தராசு, கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம், ஓர் இரும்பு அலமாரி, நகை உரசிப் பார்க்க ஓர் ஆசாரி. அறையில் வேறொன்றும் இல்லை. ஆசாரி வளையலை உரசி, எடை போட்டு, தராசின் முகப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு வளையலை ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு ஒட்டி, மடிப்பின் மேல் குறுக்காக என்னைக் கையெழுத்திடச் சொன்னார்கள். கையெழுத்தின் பாதி மேல்மடிப்பிலும் பாதி உறையிலும் விழ, அதன் மேல் செல்லோடேப் ஒட்டினார்கள். யார் பிரித்தாலும் தெரிந்துவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்து நடந்தது. விண்ணப்பத்தை எழுதிய பொருளாளர் என்னிடம் தாளைத் தந்து ‘நிரப்புங்கள்’ என்று சொல்லவில்லை. “நீங்க சொல்லுங்க பாய், நான் எழுதுறேன்” என்றார். எவ்வளவு வாங்குகிறேன், எத்தனை தவணை, எந்தத் தேதி என்று நான் என் வாயால் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முடிந்ததும் உரக்கப் படித்துக் காட்டினார். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லட்டும், சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அது விரிகிறது. வாங்குபவன் பலவீனமானவன் என்பதால் சொல்லும் உரிமை அவனுக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதை, பல முறை ஓதியும் விளங்கிக்கொள்ளாத நான், அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். நான் அதுவரை பார்த்த நிதி நிறுவனங்களில் எல்லாம் அச்சடித்த பத்துப் பக்கங்களில் பென்சிலால் குறியிட்ட இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்களே தவிர, ‘நீ என்ன சொல்கிறாய்’ என்று ஒருவரும் கேட்டதில்லை.

மாதம் 10,000 ரூபாயாக ஐந்து தவணை. நவம்பர், டிசம்பர் கட்டிவிட்டேன், ஜனவரியில் முடியவில்லை. போன் வரும் வரை காத்திருக்காமல் நானே மாடியேறிச் சென்று சொன்னேன். பொருளாளர் பதிவேட்டைத் திறந்து, தேதியைச் சிவப்பு மையால் அடித்து, “பிப்ரவரியில இருந்து கட்டுங்க. அவசரம்னா வேற எடத்துல வட்டிக்கு வாங்கி இங்க கட்டிறாதீங்க” என்றார். கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்பது 2:280 வசனத்தின் கட்டளை. அதற்கு அபராதமும் இல்லை, கூடுதல் கட்டணமும் இல்லை. வட்டி இல்லை என்பதைவிட இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, சேவைக் கட்டணம். 25,000 ரூபாய் வரை 150, அதற்கு மேல் 300 என்று இரண்டு படிகளாக வாங்குகிறார்கள். தொகை சிறிதுதான், என் வருத்தம் தொகையைப் பற்றியதன்று. எழுதும் தாள் ஒன்றே, உறை ஒன்றே, ஆசாரி உரசும் நேரமும் ஒன்றே. அப்படியிருக்க, கடன் கூடினால் கட்டணம் ஏன் கூட வேண்டும்? 1986இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி, கடனுக்கான சேவைக் கட்டணம் உண்மையான செலவுக்குள் அடங்க வேண்டும், அதைத் தாண்டும் எதுவும் ரிபாவே, அதாவது தடுக்கப்பட்ட வட்டியே என்று முடிவு செய்தது. பெரிய கடனுக்குப் பொறுப்பு அதிகம் என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். பொறுப்புக்கு விலை வைப்பது வட்டிக் கடைக்காரர் சொல்லும் அதே காரணமாயிற்றே! ஒரே கட்டணமாக்கிவிட்டால் இந்த ஐயத்துக்கே இடமிருக்காது.

இரண்டாவது, அறிவிப்புப் பலகை. அதில் ஒரு பாதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன்: தணிக்கையாளர் கையெழுத்திட்ட ஆண்டு வரவு செலவுக் கணக்கின் நகல் எல்லோர் பார்வைக்கும் ஒட்டப்பட்டிருக்கிறது. கொங்கு நாட்டில் இதன் அருமை நன்றாகத் தெரியும். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் போட்ட பணம் 2012இல் மோசடியில் போனதைப் பார்த்தவர்கள் நாம். 2019இல் பெங்களூரில் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரைச் சொல்லியே ஏழை முஸ்லிம்களின் சேமிப்பு சூறையாடப்பட்டது. மார்க்கத்தின் பெயரால் பணம் வாங்குகிறவர் மற்றவரைவிட இரட்டிப்பாகக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை இவர்கள் செய்கிறார்கள்.

ஆனால் அதே பலகையின் மறு பாதியில், தவணை தவறியவர்களின் பெயர்களை எழுதி ஒட்டியிருந்தார்கள். என் பெயர் அதில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாயின் பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் படியிறங்குகிறார்கள். இதைக் கேட்டபோது நிர்வாகி ஒருவர், கடனோடு இறந்தவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) ஜனாஸாத் தொழுகை (இறந்தவருக்கான தொழுகை) நடத்தாமல் விலகி நின்றதையும், அந்தக் கடனைத் தாம் ஏற்பதாக நபித்தோழர் அபூகதாதா (ரலி) சொன்ன பிறகே தொழுவித்ததையும் எடுத்துக் காட்டினார். கடன் அவ்வளவு கனமானது என்பது உண்மை. ஆனால் நம் ஊர் மையவாடியில் (அடக்கத்தலத்தில்) இன்றும் என்ன நடக்கிறது? இறந்தவரின் உடலுக்கு முன்னால் வாரிசு நின்று, ‘அத்தா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள்’ என்று அறிவிக்கிறார். இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்று அங்கே எவரும் படிப்பதில்லை. இறந்தவருக்குக் கொடுக்கும் மரியாதையை உயிரோடிருப்பவருக்கும் கொடுக்க வேண்டாமா? நான் மூன்று முறை சொன்ன பிறகு பெயர்களை எடுத்துவிட்டுப் பதிவு எண்களை மட்டும் எழுதத் தொடங்கினார்கள். என் கருத்தில் அந்த எண்களும் வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசினால் போதும்.

பெண்களுக்கான ஏற்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். நகை பெரும்பாலும் பெண்களுடையது; ஆனால் அறைக்குச் செல்லும் வழி ஆண்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்யும் ஹவுள் தொட்டியைத் தாண்டிச் செல்கிறது. அதனால் மகனையோ பக்கத்து வீட்டாரையோ அனுப்புகிறார்கள். குடும்பத்தின் கஷ்டம் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. வாரம் ஒரு நாள், மதரஸா வகுப்பறையில், ஒரு பெண் பணியாளரை வைத்து நடத்தினால் எவ்வளவோ பேர் நுண்கடன் குழுக்களின் வாரத் தவணையிலிருந்து தப்புவார்கள்.

கடைசியாக, நான் அதிகம் யோசித்த விஷயம். என்னிடம் ஓவர்லாக் ஓட்டும் ஒருவர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். நான் வாங்கிய கடனைப் பற்றிக் கேள்விப்பட்டு, “அண்ணா, அங்க எங்களுக்கெல்லாம் குடுப்பாங்களா?” என்று தயங்கிக் கேட்டார். மையத்தின் விதிப்படி மஹல்லா கடிதம் (இந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்ற சான்று) வேண்டும். எனவே முஸ்லிம் அல்லாதவர்கள் இயல்பாகவே வெளியே நின்றுவிடுகிறார்கள். மறுக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை; அப்படி ஒருவர் வருவார் என்றே நினைத்துப் பார்க்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) காலமானபோது அவர்களுடைய கவசம் முப்பது ஸாஉ (ஒரு பழைய முகத்தல் அளவு) வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. மாற்று மதத்தவரிடம் அடகு வைத்து உணவு வாங்கிய ஒருவரின் உம்மத் (சமுதாயம்) நாம். அண்டை வீட்டார் நம் மாடியேறி வர, நாம் ஒரு கடிதத்தைக் காரணமாகக் காட்டலாமா? 1998 கோவைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொங்கு நாட்டில் இரு தரப்பும் ஒருவர் வாசலை ஒருவர் எத்தனை தயக்கத்தோடு மிதிக்கத் தொடங்கினோம் என்பதை என் வயதினர் மறக்கவில்லை. பொருளாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். “ஜாமீன் யார் போடுவா?” என்று கேட்டார். நானே போட்டேன். மஹல்லா கடிதத்துக்குப் பதிலாக, உறுப்பினர் ஒருவரின் ஜாமீன் போதும் என்று விதியை மாற்றுவது அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நகையைத் திருப்பித் தருவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடன் முடிந்தும் வங்கியோ நிதி நிறுவனமோ தன் தவறால் ஏழு வேலை நாட்களுக்கு மேல் நகையை வைத்திருந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதி வகுத்தது. இங்கே பணம் எண்ணி முடித்த பத்தாவது நிமிடத்தில் உறை கைக்கு வந்தது. வங்கியில் இதே வளையலுக்குக் கூடுதல் தொகை கிடைத்திருக்கும். இங்கே உச்சவரம்பு 50,000. மற்றவர்கள் அமானிதமாக (நம்பி ஒப்படைத்து) வைத்த சிறு தொகைகளிலிருந்து தருவதால் அந்த வரம்பு நியாயமானதே.

செல்பவர்கள் ஆதார் நகலும் இரண்டு சாட்சிகளும் கொண்டு செல்லுங்கள்; ரமலானில் நேரம் மாறும், விசாரித்துச் செல்லுங்கள். உறையைப் பிரிக்கும் முன் மடிப்பின் மேலுள்ள உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். என்னுடையது வைத்தபடியே இருந்தது. என் ஓவர்லாக் டெய்லரின் கம்மல் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. இன்னும் மூன்று தவணை பாக்கி.