மாதவரம் குடியிருப்பில் எஸ்.டி.பி. பராமரிப்புச் சேவை: ஒரு மதிப்பீடு

மாதவரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை (எஸ்.டி.பி.) இப்போது பராமரிக்கும் நிறுவனத்தைப் பற்றி, ஒப்பந்தம் போட யோசிக்கும் மற்ற சங்கங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். திடப்பொருள் அடியில் படிய வேண்டிய செட்லிங் தொட்டியில், ஸ்லட்ஜ் (நுண்ணுயிர்கள் நிறைந்த சேறு) மிதந்து, வெளிவரும் நீர் கலங்கலாகவே இருந்தது. முன்பு இருந்தவர்கள் அதற்குப் பாக்டீரியா பொடியைத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

புதியவர்கள், காற்று செலுத்தப்படும் ஏரேஷன் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் எடுத்து அசையாமல் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் ஸ்லட்ஜ் நன்றாகப் படிந்துவிட்டது. ஆனாலும் ஜாடியை எடுக்கவில்லை. பிறகு, அடியில் கிடந்த பழுப்பு மண்டி பொடிக் குமிழிகளோடு கட்டி கட்டியாக மேலெழுந்தது. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்ற நுண்ணுயிர்கள் ஏரேஷன் தொட்டியில் கழிவுநீரின் அமோனியாவை நைட்ரேட்டாக்கிவிட்டன. காற்றில்லாத செட்லிங் தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்குகின்றன, அந்த வாயுதான் ஸ்லட்ஜைத் தூக்குகிறது என்று பொறுமையாக விளக்கினார்கள்.

ஆகவே நைட்ரேட்டை வாயுவாக்கும் அந்த வேலையை உரிய இடத்தில் நடக்க வைத்தார்கள். ஏரேஷன் தொட்டியின் முன்பகுதியைத் தடுத்து, அங்கே காற்றை நிறுத்தி, கலக்கி மட்டும் பொருத்தி, தொட்டியின் மறுமுனையிலிருந்து நைட்ரேட் மிகுந்த நீரைப் பம்பு மூலம் அங்கே திருப்பி விட்டார்கள். புதிதாக வரும் கழிவுநீரின் கரிமப் பொருளே பாக்டீரியாக்களுக்கு உணவாகிவிடுவதால் வெளியிலிருந்து எதையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.57 கிராம் ஆக்சிஜனும் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) 7.14 கிராம் காரத்தன்மையும், அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் திறனும், செலவாகும். நைட்ரேட் வாயுவாகும்போது காரத்தன்மையில் பாதி திரும்பக் கிடைக்கும். அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகும் என்பதால், ஸ்லட்ஜை அவசரப்பட்டு வெளியேற்றக் கூடாது என்றும் ஆபரேட்டரிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். இப்போது தொட்டியின் மேற்பரப்பு தெளிவாக இருக்கிறது.

கொடுங்கையூரில் சுத்திகரித்த நீரை மணலித் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் வட்டாரம் இது. நம் வளாகத்து நீர் செடிக்கும் கழிப்பறைக்குமாவது தகுதியாக இருக்க வேண்டாமா?

குறை ஒன்று உண்டு. மாதாந்திர அறிக்கையில் பி.ஓ.டி., சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிம மாசைக் காட்டும் அளவுகள்), நீரில் கலந்து மிதக்கும் திடப்பொருள் ஆகியவை மட்டுமே வருகின்றன. அமோனியாவையும் நைட்ரேட்டையும் நாமே வற்புறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் போடுபவர்கள் இவ்விரண்டையும் மொத்த நைட்ரஜனையும் முன்கூட்டியே எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.