தையல்காரியின் கையில் ஒரு புள்ளிக் கொப்பி

கொப்பி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதன் முதுகைத்தான். நடுவில் விரித்து, தாள்கள் சேரும் மடிப்பில் நூல் ஓடுகிறதா என்று நகத்தால் நீவிப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருடம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து வந்த பழக்கம். ஒக்டோபர் முதல் வாரத்தில், திருகோணமலை மத்திய வீதியிலுள்ள ஒரு புத்தகக் கடையில், கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகள் அச்சிட்ட இந்தப் புள்ளிக் கொப்பியை எடுத்தபோதும் அப்படித்தான். பொலித்தீன் உறையோடு இருந்தது. "தம்பி, இதைப் பிரித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "பாருங்கள் அக்கா, பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள்" என்று அவரே பிரித்துத் தந்தார். அந்த ஒரு நல்ல குணத்துக்காகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போவேன்.

விரித்தேன். வெள்ளை நூல், மடிப்புக்கு ஐந்து தையல், இழுத்துப் பார்த்தால் அசைவில்லை. பதினாறு பக்கப் பாரங்கள், அதாவது சேர்த்து மடித்துத் தைத்த தாள் கட்டுகள், பத்து. மொத்தம் 160 பக்கம். ஏ5 அளவு, அதாவது 148 மில்லிமீற்றர் அகலமும் 210 மில்லிமீற்றர் உயரமும். தாள் 120 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீற்றருக்கு 120 கிராம், என்று பின்னட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. விலை 1,850 ரூபா. தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை. மேசையில் வைத்தபோது இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டன. கையால் அமுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ஒரு கையில் அளவு நாடா இருக்கும்போது மறு கையால் எழுத வேண்டியவளுக்கு இது சின்ன விடயம் இல்லை.

இவ்வளவு ஆராய்ந்து வாங்கக் காரணம் இருக்கிறது. போன வருடக் கொப்பியை இணையத்தில் படம் பார்த்துத் தருவித்தேன். அட்டையெல்லாம் தங்கப் பூ. உள்ளே நூலே இல்லை. முதுகில் பசை மட்டும். கார்த்திகை மழை பிடித்து வீட்டுக்குள் ஈரம் ஏறியதும் பசை விட்டுவிட்டது. நான்கு பக்கங்கள் கழன்று இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பாலையூற்றுப் பிள்ளை ஒருத்தியின் கல்யாணச் சட்டைக்கான நாள் அதில்தான் எழுதியிருந்தது. தாய் வந்து வாசலில் நின்றபோது துணி வெட்டப்படாமல் மடித்தபடியே கிடந்தது. அன்று இரவு இரண்டு மணிவரை இருந்து தைத்து, விடிய முன்னர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

புல்லட் ஜேர்னல் என்ற குறிப்பெழுதும் முறையை எனக்குச் சொன்னவள் என் பெறாமகள். "சின்னம்மா, உங்கள் ஓடர்க் கொப்பியை இந்த முறையில் எழுதிப் பாருங்கள்" என்று கைபேசியில் காட்டினாள். புல்லட் என்பது வரிக்கு முன்னால் வைக்கும் புள்ளி. அமெரிக்காவில் வாழும் ரைடர் கரோல் என்ற வடிவமைப்பாளர் 2013 இல் இந்த முறையை வெளியிட்டார். சிறு வயதிலிருந்தே கவனக் குறைபாட்டோடு போராடியவர், தன் தேவைக்கென்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய முறை. ஆரம்பத்தில் அதில் அலங்காரமே கிடையாது. முன்னால் உள்ளடக்கம், அடுத்து வரப்போகும் மாதங்கள், அதன் பிறகு அந்தந்த மாதமும் நாளும். செய்ய வேண்டியதற்குப் புள்ளி, முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி, அடுத்த மாதத்துக்குப் போனால் வலப்பக்கம் பார்க்கும் அம்புத்தலை, குறிப்புக்குச் சிறு கோடு, விசேடத்துக்கு வட்டம். பூவும் கொடியும் பின்னால் மற்றவர்கள் சேர்த்தவை.

பெருக்கல் குறியை மட்டும் நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். துணி வெட்டியதும் புள்ளியின்மேல் ஒரு சாய்கோடு. தைத்துக் கொடுத்துக் காசு வாங்கியதும் மற்றச் சாய்கோடு. பக்கத்தைப் பார்த்தவுடன் எத்தனை துணி வெட்டிக் கிடக்கிறது, எத்தனை இன்னும் மடித்தபடி இருக்கிறது என்று தெரிந்துவிடும். தீபாவளிக்கு முந்திய வாரம் முப்பத்தொரு சட்டை கையில் இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

என் வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. தீபாவளி ஓடரோடு தொடங்கும். பிறகு பாடசாலைச் சீருடை, தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு. மே மாதம் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கு வெளிநாட்டவர் வரத் தொடங்குவதால், அதற்கு முன்னர் விடுதிகளின் திரைச்சீலை வேலை வரும். அதனால் ஒக்டோபரிலிருந்து மே வரை எட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டேன். உள்ளடக்கத்துக்கு நான்கு பக்கம், எட்டு மாதத்தின் முன்குறிப்புக்கு நான்கு. மாதம் ஒன்றுக்குப் பதினெட்டுப் பக்கம்: மாத அட்டவணை இரண்டு, அன்றாடப் பழக்கங்களை நாள்தோறும் குறிக்கும் பழக்கக் கணக்கு ஒன்று, வரவு செலவு ஒன்று, வாரங்களுக்குப் பத்து, உடல் அளவுகளுக்கு நான்கு. எட்டு மாதத்துக்கு 144, முன்னால் எட்டு, ஆக 152. எட்டுப் பக்கம் மிஞ்சும். ஒரு முழு வருடத்துக்கு ஒரே கொப்பி வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

புள்ளிகளுக்கிடையே 5 மில்லிமீற்றர். குறுக்கே 26 கட்டம், கீழே 38 கட்டம் வருகிறது. வாரப் பக்கத்தில் தலைப்புக்கு இரண்டு கட்டம் விட்டால் மிஞ்சும் 36ஐ நான்காகப் பிரிக்க ஒன்பது ஒன்பதாக வரும். எதிரெதிர்ப் பக்கத்தில் எட்டுப் பெட்டி. ஏழு நாளுக்கு ஏழு, எட்டாவது நூல், பொத்தான், சிப் வாங்க வேண்டிய பட்டியலுக்கு. பழக்கக் கணக்கில்தான் முதல் தவறு செய்தேன். படங்களில் காட்டுவதுபோல் நாட்களைக் குறுக்கே எழுதிக்கொண்டு போனேன். 26 ஆம் திகதியோடு தாள் முடிந்துவிட்டது. நாட்கள் மேலிருந்து கீழே வர வேண்டும். ஒரு பக்கம் வீணாகிய பிறகு எல்லாவற்றையும் பென்சிலால் போட்டுவிட்டே பேனையை எடுக்கிறேன். துணியில் சோக்குப் போடாமல் கத்தரிக்கோல் வைப்போமா?

கடைசிப் பக்கத்தை மை பார்க்க ஒதுக்கினேன். கறுப்பு ஜெல் பேனை மறுபக்கம் தெரியவில்லை. ஆனால் மழை நாளில் காய நேரம் எடுக்கிறது. நவம்பரில் ஒரு காலை எழுதிய கையோடு பக்கத்தைத் திருப்பி, மூன்று வரி எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிட்டது. இப்போது ஒரு துண்டு வெள்ளைப் பருத்தித் துணியை இடையில் வைக்கிறேன். சக்குரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரோன் 01, அதாவது 0.25 மில்லிமீற்றர் கோடு போடும் பேனை, பெறாமகள் தந்தது. காய்ந்தபின் மேலே ஈரத் தூரிகைப் பேனை போனாலும் கலையாத மை. ஜெல் பேனை எழுத்தின்மேல் நிறம் பூசினால் சாம்பல் தண்ணீர்போல் ஓடும். ஆகவே எழுத்தும் நிறமும் ஒரே இடத்தில் வருமென்றால் காசைப் பார்க்காமல் இப்படிப் பேனை ஒன்றை வாங்குங்கள். தூரிகைப் பேனை ஒரு பூச்சைத் தாள் நன்றாகத் தாங்குகிறது. மூன்றாவது பூச்சில் தாளின் மேற்பரப்பு பஞ்சாக எழும்பிவிட்டது. அழியா மை மார்க்கர் மட்டும் மறுபக்கம் வந்து அதற்கடுத்த தாளிலும் பொட்டு வைத்தது. ஒளிநகல் எடுக்கும் சாதாரணத் தாள் 80 ஜி.எஸ்.எம்.; அதோடு ஒப்பிட்டால் இந்தத் தாளில் கை வைக்கும்போதே வித்தியாசம் புரியும்.

அலங்காரத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடையில் விற்கும் ஒட்டுப்படங்களில் டிசம்பருக்குப் பனித்துகள், ஒக்டோபருக்குக் காய்ந்த சிவப்பு இலை. எங்கள் ஊரில் ஒக்டோபரிலிருந்து வாடை மழை. முற்றத்தில் புல் கழுத்தை நீட்டும் காலம். இலை காய்வது ஆடியில், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது. என் கொப்பியில் என் ஊரின் மாதம்தான் இருக்க வேண்டும். ஒக்டோபர் முகப்பில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமானை வரைந்தேன். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் பக்கத்தில் வந்து நிற்கும் மான்கள். முதுகுப் புள்ளிகளுக்குக் கொப்பியின் புள்ளிகளையே பயன்படுத்திக்கொண்டேன். ஒரு வாரத்தில் போதுமான தண்ணீர் குடித்தேனா என்பதற்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். அங்கே கிணறு ஏழு, வாரத்தில் நாளும் ஏழு. ஏழு சதுரம் வரைந்து, குடித்த நாளில் நீலம் பூசுகிறேன். அங்கே ஒவ்வொரு கிணற்றிலும் வாளி விட்டுக் குளித்தவர்களுக்கு ஒவ்வொன்றின் சூடும் வேறு என்பது தெரியும். நானும் நீலத்தைக் கூட்டிக் குறைத்துப் பூசுகிறேன்.

கழித்த துணித் துண்டுகளை ஒட்டுவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. மாத முகப்பில், அந்த மாதம் தைத்த ஒரு சட்டையின் கரைத் துண்டு. செய்முறையைச் சொல்கிறேன். தண்ணீர்ப் பசையால் ஒட்டினால் தாள் சுருங்கும், துணியில் கறை ஊறும், ஓரம் பிரியும். துண்டின் பின்பக்கத்தில் கழுத்துப்பட்டிக்கு வைக்கும் ஒட்டுக் கன்வஸை வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்துவிடுங்கள். பிறகு வெட்டினால் ஓரத்தில் ஓர் இழை கூட எழாது. அதைப் பசைக்குச்சியால் தாளில் ஒட்டி, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஓர் இரவு வையுங்கள். பட்டுக் கரை வேண்டாம், தடிப்பு அதிகம். பருத்தியும் வொயிலும் நல்லது. தடிப்பில் கவனம் வேண்டும். நான்கு மாதத் துண்டுகளோடு என் கொப்பி ஒரு விரல் அளவு வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறது.

வாஷி நாடா, அதாவது ஜப்பானியக் காகித ஒட்டுநாடா, மூன்று உருளை வாங்கினேன். மாதம் மாறும் பக்க ஓரத்தில் மடித்து ஒட்ட அது உதவுகிறது. பிழையாக ஒட்டினால் தாள் கிழியாமல் உரித்தெடுக்கலாம். ஆனால் மலிவான உருளையின் பசை ஈரத்தில் நிற்கவில்லை. மற்றபடி அதில் சொல்ல அதிகம் இல்லை.

கோலத்துக்கு வருகிறேன். அம்மா தைப்பொங்கலுக்கும் வீட்டு விசேடங்களுக்கும் போடும் கோலங்களை ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியில் வரைந்து வைத்திருந்தார். இந்தப் புள்ளிகளைக் கண்டதும் எனக்கு அந்தக் கொப்பிதான் ஞாபகம் வந்தது. நேர்ப்புள்ளிக் கோலம் இதில் அப்படியே வரும். ஊடுபுள்ளிக்கு ஒரு யுக்தி வேண்டும்: குறுக்கே ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி எடுங்கள், கீழேயும் ஒரு வரிசை விட்டு, அடுத்ததில் ஒரு புள்ளி தள்ளித் தொடங்குங்கள். நடுவில் ஏழு, இரு பக்கமும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் 37 புள்ளி, அகலமும் உயரமும் 60 மில்லிமீற்றர். அம்மா தரையில் போட்டதைவிடக் கோலம் ஒரு சொட்டு உயரமாகத் தெரியும், கண் பழகிவிடும். அச்சுப் புள்ளி மெல்லிய சாம்பல் நிறம் என்பதால் கோடு போட்டபின் தானாக மறைந்துவிடுகிறது. முந்திய கொப்பியில் புள்ளி கறுப்பாக இருந்து எழுத்தோடு சண்டை போட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பக்க எண் அச்சிடவில்லை. 160 எண்களையும் நானே எழுதினேன். கரோலோடு சேர்ந்து ஜெர்மனியின் லொய்ஷ்ட்டுர்ம் 1917 நிறுவனம் வெளியிடும் கொப்பியில் எண்ணும் உள்ளடக்கப் பக்கமும் அச்சிட்டே வரும். கடைசிப் பாரத்தில் புள்ளிகள் சரிந்திருக்கின்றன; மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம், அடிமட்டத்தால் அளந்தேன். அடையாள நாடா ஒன்றே ஒன்று, அதன் நுனியும் முதல் வாரமே பிரிந்தது. மெழுகுதிரிச் சுடரில் ஒரு கணம் காட்டினேன், உருகி ஒட்டிக்கொண்டது. மூடிப் பிடிக்கும் இலாஸ்டிக் டிசம்பரில் தளர்ந்துவிட்டது. என் பெட்டியில் இருந்த ஆறு மில்லிமீற்றர் இலாஸ்டிக்கைப் போட்டுத் தைத்தேன். எல்லோர் வீட்டிலும் அது இருக்காது.

முதுகில் ஒரு தையல்கூட விடவில்லை. வாடை மழை முழுவதையும் இந்தக் கொப்பி பார்த்துவிட்டது. அட்டை ஓரம் இலேசாக வளைந்ததைத் தவிர வேறு மாற்றம் இல்லை. கடைக்காரத் தம்பியிடம் இதே கொப்பி இன்னொன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கடைசிப் பாரத்தையும் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

மாதக் கடைசியில் முடியாத வேலைகளைக் கையால் மறுபடி எழுத வேண்டும் என்பது இந்த முறையின் விதி. "அம்மாவின் கோலங்களைப் பிரதி எடுக்க வேண்டும்" என்ற வரியை ஒக்டோபரில் எழுதினேன். நவம்பருக்கு அம்புத்தலை, டிசம்பருக்கு, ஜனவரிக்கு. நான்காவது தடவை எழுதியபோது அலுமாரியைத் திறந்து அம்மாவின் கொப்பியை எடுத்தேன். இராமபாணப் பூச்சி ஓரங்களை அரித்திருந்தது. சில பக்கங்களில் கோலத்தின் பாதிதான் மிச்சம். மிஞ்சிய எட்டுப் பக்கத்தில் மைக்கு ஒன்று, வீணானது ஒன்று போக ஆறு இருக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு மூன்றைப் பிரதி எடுத்துவிட்டேன். பாதி அரிக்கப்பட்ட ஒன்றை, மற்றப் பாதியைப் புள்ளி எண்ணி ஊகித்து முடித்தேன். ஜனவரிப் பக்கத்தில் அந்தப் புள்ளியின்மேல் இப்போது ஒரு சாய்கோடு இருக்கிறது.