என்ஸ்ஃபாஸ்: பணம் வரும், பிப்ரவரியில் மட்டும் வராது

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் வருடக் கடைசியில் இரண்டு பேச்சுதான்: எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும், என்ஸ்ஃபாஸ் கிடைக்குமா. அரசின் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டத்துக்குத் தென்னாப்பிரிக்கா முழுக்க வழங்கும் பெயர் அது. டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கத்து இந்திய வம்சாவளிக் குடும்பங்களை மனதில் வைத்து இந்தச் சேவையை எடைபோட்டால், கொடுக்கும் தொகைக்குத் தாராளமாக மார்க் போடலாம். கொடுக்கும் நேரத்துக்கு ஃபெயில்தான். பிப்ரவரி, மார்ச் வந்தாலே பல்கலைக்கழக வாசலில் மறியலும் போலீஸ் வண்டியும் சேர்ந்து வருவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தாமதம்.

இன்று கிடைப்பது திருப்பிக் கட்ட வேண்டாத பணம். 2018க்கு முன் அது கடன். நன்றாகத் தேறினால் 40 சதவீதம் வரை உதவித்தொகையாக மாறும், மிச்சத்தை வேலைக்குப் போய் அடைக்க வேண்டும். குடும்ப வருமான வரம்பும் ஆண்டுக்கு 1,22,000 ராண்ட்தான். வாத்தியார் வேலையில் ஒருவர் இருந்தாலே அந்த வீடு வெளியே.

அதை மாற்றியது மாணவர்கள். 2016ஆம் ஆண்டுக்கு 10.5 சதவீதம் கட்டணம் உயரும் என்று அறிவித்த ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் வாசல்களை 2015 அக்டோபர் 14 அன்று மறித்தார்கள். ஒரு வாரத்தில் நாடு முழுக்கப் பரவியது. அக்டோபர் 21 அன்று கேப் டவுன் நாடாளுமன்றத்துக்குள் நிதியமைச்சர் இடைக்கால பட்ஜெட் வாசித்துக்கொண்டிருக்க, வெளி வளாகத்தில் போலீஸ் மாணவர்கள் மீது ஸ்டன் கிரனேட் வீசியது. இரண்டே நாளில், பிரிட்டோரியாவில் அதிபர் அலுவலகமான யூனியன் பில்டிங்ஸ் புல்வெளியில் கூட்டம் நிறைந்திருந்தபோது, அடுத்த ஆண்டுக்கு உயர்வு பூஜ்யம் என்று அதிபர் ஜேக்கப் சூமா அறிவித்தார். 2016 செப்டம்பரில் 8 சதவீதம் வரை ஏற்றலாம் என்று அரசு சொன்னதும் இரண்டாம் சுற்று. அந்த மாதம்தான் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் டர்பன் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் சட்ட நூலகம் எரிந்தது.

இதற்கென அமைத்த ஹெஹர் ஆணையம், வங்கி வழியாகக் கடன் கொடுத்துச் சம்பளம் வந்தபின் வசூலிக்கலாம் என்றது. அதை ஓரமாக வைத்துவிட்டு, 2017 டிசம்பர் 16 அன்று, ஆளுங்கட்சி மாநாடு தொடங்கும் காலையில், ஆண்டு வருமானம் 3,50,000 ராண்ட் வரையுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்றார் சூமா. மாணவர் சேர்க்கைக்கு அப்போது சில வாரங்களே பாக்கி. அவசரத்தில் போட்ட அந்த அடித்தளத்தின் மேல்தான் இன்றைய சேவை நிற்கிறது. விரிசல் எல்லாம் அங்கிருந்து கிளம்புகிறது.

யாருக்குக் கிடைக்கும்? குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை. 26 அரசுப் பல்கலைக்கழகங்கள், டிவெட் எனப்படும் 50 அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகள் மட்டும். தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகமான யூனிசா அதில் உண்டு, தனியார் கல்லூரி எதுவும் இல்லை. முதல் பட்டத்துக்கு மட்டும். ஊனமுற்ற மாணவருக்கு வருமான வரம்பு 6,00,000. அரசின் சமூக உதவி அமைப்பான சாசாவிடம் உதவித்தொகை வாங்கும் பிள்ளையிடம் வருமானக் கணக்கே கேட்பதில்லை.

கூட்டுக் குடும்பத்தில் பலர் தடுமாறும் இடம் ஒன்று. தாத்தா, பாட்டி, சித்தப்பா எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணக்கில் வருவது அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான காப்பாளர். கல்யாணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவி. சித்தப்பாவின் சம்பளத்தைச் சேர்த்துப் போட்டு வீணாக வரம்பைத் தாண்ட வேண்டாம். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தை எழுதுவது எதிர்த்திசைத் தப்பு. அவர்கள் பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. வருமானத்தைச் சரிபார்க்க நீங்கள் சம்மதம் கொடுத்ததும் வரித்துறையான சார்ஸின் பதிவோடு ஒப்பிட்டுவிடுவார்கள். சந்தையில் கடை போடுபவர், டாக்ஸி ஓட்டுபவர் என்று சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வரிக் கணக்கைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

விண்ணப்பம் இணையத்தில், மைஎன்ஸ்ஃபாஸ் கணக்கு வழியாக. கட்டணம் கிடையாது, காசு கேட்கிறவர் தரகர். பிள்ளையின் அடையாள எண், பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதி, வேலையில் இருப்பவர் என்றால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட சம்பளச் சீட்டு போதும். மெட்ரிக் முடிவு வரக் காத்திருக்க வேண்டாம். பெற்றோர் பிரிந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு, ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாத வீட்டுக்குச் சமூகப் பணியாளர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் உண்டு. அதை வாங்க நாளாகும் என்பதால் முதலில் அந்த வேலையைத் தொடங்குங்கள்.

கோளாறு வருவது பெரும்பாலும் சின்ன இடங்களில். பெயரும் அடையாள எண்ணும் உள்துறைப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஆட்களில் ‘பிள்ளை’ என்ற குடும்பப் பெயர் அப்பா அட்டையில் ஒரு விதமாகவும் மகன் அட்டையில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் இருப்பது சாதாரணம். கரும்புத் தோட்டக் காலத்துக் குமாஸ்தா போட்ட எழுத்து இன்னும் துரத்துகிறது. வீட்டில் எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டு அட்டையில் உள்ளதை அப்படியே அடியுங்கள். இன்னொன்று, இன்டர்நெட் கடைக்காரர் தன் மின்னஞ்சலையும் தன் செல் எண்ணையும் போட்டுக் கணக்குத் திறந்துவிடுவார். பிறகு ஒவ்வொரு முறையும் ஓடிபி அவருக்குத்தான் போகும். ப்ரீபெய்ட் சிம்மை நடுவில் மாற்றினாலும் இதே கதி. படிப்பு முடியும்வரை மாறாத எண்ணாகக் கொடுங்கள்.

‘தற்காலிக ஒப்புதல்’ என்று திரையில் வந்ததும் வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறார்கள். அது வருமானத் தகுதி மட்டுமே. பல்கலைக்கழகம் இடம் கொடுத்து, பிள்ளை பதிவு செய்து, அந்தப் பதிவு விவரம் கேப் டவுனில் உள்ள என்ஸ்ஃபாஸ் தலைமையகத்துக்குப் போய், அங்கே பொருந்தினால்தான் பணம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள என்ஸ்ஃபாஸ் கால் சென்டரைவிடப் பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகமே உருப்படி. பதிவு விவரத்தை அனுப்புவதும், தப்பாகப் போனால் திருத்தி அனுப்புவதும் அவர்கள்தான். நிராகரித்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதில் கதை எழுதாதீர்கள். நிராகரித்த காரணத்தைப் பொய்யாக்கும் ஆவணம் ஒன்றை இணையுங்கள்.

தாமதத்துக்கு வேர் நாட்காட்டியில் இருக்கிறது. பல்கலைக்கழக ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1இல். நடுவில் உள்ள மாதங்களுக்கு முன்பணம் என்று ஒன்று போகும்; அது வந்து சேரும்வரை விடுதி வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் பிள்ளையின் தலையில். ஒப்புதல் பெற்றவரிடம் பதிவுக்கான முன்கட்டணம் கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஒப்புதல் வராமல் தொங்குகிறவருக்கு அந்தச் சலுகையும் இல்லை. 2021 மார்ச்சில் இதுவே வெடித்தது. முதலாண்டு மாணவர்களுக்கு நிதி உறுதியாகவில்லை, பழைய பாக்கி உள்ளவர்கள் பதிவு செய்ய முடியவில்லை; விட்ஸ் மாணவர்கள் பிராம்ஃபோன்டெய்ன் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 10 அன்று, போராட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கிளினிக்கிலிருந்து வெளியே வந்த ஒருவர் போலீஸின் ரப்பர் குண்டில் இறந்தார். அந்த நாட்களில்தான் அமைச்சரவை பணத்தை வேறு கணக்குகளிலிருந்து திருப்பிவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட நான்கு போலீஸ்காரர்களும் 2022இல் விடுதலை.

2023இல் சேவை இன்னும் கெட்டது. பல்கலைக்கழகம் வழியாக வந்த உதவிப்பணத்தை நேரடியாக மாணவருக்குப் போடுகிறோம் என்று நான்கு நிதித்தொழில்நுட்ப நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். கார்டு வராதவர்கள், வந்தும் பணம் இல்லாதவர்கள், சேவைக் கட்டணத்தில் சாப்பாட்டுக் காசை இழந்தவர்கள் என்று புகார் குவிந்தது. அந்த அக்டோபரில் தலைமை நிர்வாகி பதவி நீக்கம், 2024 ஏப்ரலில் வாரியமே கலைப்பு, பொறுப்பு நிர்வாகி நியமனம். அதே 2023இல் விடுதி வாடகைக்கு ஆண்டுக்கு 45,000 ராண்ட் என்று உச்சவரம்பு. கேப் டவுன் போன்ற ஊரில் அது எந்த மூலைக்கு? தனியார் விடுதியில் சேர்வதானால் என்ஸ்ஃபாஸ் அங்கீகாரம் உண்டா, வாடகை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மீதியை வீட்டுக்காரர் உங்களிடம்தான் கேட்பார். சாட்ஸ்வொர்த்திலிருந்து வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போய்வரும் பிள்ளைக்கு இந்தத் தலைவலி இல்லை, போக்குவரத்துப் பணம் மட்டும்.

‘என் பிளஸ் ஒன்’ (N+1) விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டுப் படிப்புக்கு நான்கு ஆண்டு வரைதான் நிதி. முதல் வருடம் இன்ஜினியரிங்கில் போய்விட்டு வணிகவியலுக்கு மாறினால் அந்த ஒரு வருடமும் கணக்கில் சேரும்.

வரம்புக்கு ஐயாயிரம் மேலே இருக்கிறவர்கள்தான் இந்தத் திட்டத்தின் அனாதைகள். 3,50,000க்கும் 6,00,000க்கும் நடுவில் இருப்பவர்களை இங்கே ‘நடுவில் தொலைந்தவர்கள்’ என்கிறார்கள். ஆசிரியரும் குமாஸ்தாவும் சேர்ந்து சம்பாதிக்கும் நம் வீடுகளில் பல இந்தப் பெட்டிக்குள்தான். மருத்துவம், பொறியியல், கணக்கியல் போன்ற தட்டுப்பாடான துறைகளுக்கு இகுசாசா திட்டம் உதவுகிறது. 2024இல் அரசு 380 கோடி ராண்டில் தனிக் கடன் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது கடன், உதவித்தொகை இல்லை. வங்கிக் கடன் என்றால் படிக்கும் காலம் முழுக்க மாதாமாதம் வட்டி கட்டுவது ஜாமீன் போட்ட பெற்றோர்.

பணம் வராமல் பிள்ளை மறியலுக்குப் போனால் வீடு என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்? டர்பனுக்கு இது புதிதல்ல. இந்தியருக்கென்று அமைத்து வெஸ்ட்வில்லில் நடந்த பல்கலைக்கழகத்திலேயே, கட்டணம் கட்டாதவர்களை நீக்கியதை எதிர்த்த போராட்டத்தில் 2000 மே மாதம் ஒரு மாணவர் போலீஸ் சூட்டில் இறந்தார்.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கிறது. பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடினால் ஏழு நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது 1993 சட்டம். கூட்டத்துக்கு 48 மணி நேரம்கூட இல்லாதபோது தந்தால் தடை செய்யலாம். அனுமதி கேட்பது வேறு, அறிவிப்புக் கொடுப்பது வேறு. அறிவிக்காமல் கூட்டியதற்காக மட்டும் அமைப்பாளரைக் குற்றவாளியாக்கும் பிரிவை 2018 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. மாணவர்கள் மாட்டுவது வேறு இடத்தில்: பல்கலைக்கழகம் உயர் நீதிமன்றத்தில் வாங்கும் தடை உத்தரவு. வாசல் மறித்தல், வகுப்பைக் குலைத்தல் என்று அதில் பட்டியல் இருக்கும். பெயர் சொல்லாதவர்களையும் ‘அவர்களோடு சேர்ந்தவர்கள்’ என்று பிடிக்கும். வளாகத்தில் ஒட்டியிருப்பதை, மின்னஞ்சலில் வந்ததைப் படித்துவிட்டுப் போவது நல்லது. பொது வன்முறை வழக்கில் தண்டனையானால் ஆசிரியர், வழக்கறிஞர் பதிவு வரை பாதிக்கும்.

கைதானால் 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வெள்ளி மாலை பிடித்தால் வாரக் கடைசி போய்த் திங்களுக்குத் தள்ளும் என்பதைக் கணக்கில் வையுங்கள். எந்த ஸ்டேஷன், வழக்கு எண் என்ன என்று கேட்டு, சட்ட உதவி அமைப்பையோ பல்கலைக்கழகச் சட்ட மையத்தையோ உடனே கூப்பிடுங்கள். வழக்கறிஞர் வருமுன் எந்த வாக்குமூலமும் வேண்டாம். ரப்பர் குண்டுக் காயம் என்றால் டாக்டரிடம் காயத்தைப் பதிவு செய்யும் ஜே88 படிவம் நிரப்பச் சொல்லுங்கள், தழும்பு மங்குமுன் படம் எடுத்து வையுங்கள். போலீஸ் மீது புகார், போலீஸை விசாரிக்கும் தனி அமைப்பான ஐபிட்டிடம். வளாகத்துத் தனியார் காவலர் அடித்திருந்தால் ஐபிட் கைவிரித்துவிடும். தனியார் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கு எழுதி, சாதாரண ஸ்டேஷனில் தாக்குதல் வழக்கும் கொடுக்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்பதானால் சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் போலீஸ் துறைக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். பிள்ளை மேல் உள்ள கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும்.