ஏழு வருடச் சப்பாத்தும் திருமலை உப்புக் காற்றும்

2018 இல் ஒரே நேரத்தில் இரண்டு சோடி பூட்ஸ் வாங்கினேன். ஒன்று வேலைக்கு, மற்றது கலியாணம் காட்சிக்கு. இரண்டும் ஒரே வகைத் தோல், அடி மட்டும் வேறு. வேலைச் சப்பாத்து ஏழு வருடமாகியும் காலில் இருக்கிறது. பெட்டியில் பத்திரப்படுத்தியது நாலாம் வருடமே போய்விட்டது.

திருகோணமலையில் வீடு உப்புவெளியில், வேலை சீனக்குடாவில், போய்வருவது மோட்டார் சைக்கிளில். தோல், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. நம் பக்கத்து வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டையும் தோல் பதனிடப் பயன்பட்டதுதான். இந்த வகைத் தோல் வெயிலும் எண்ணெயும் பட்டுக் கறுத்துக்கொண்டே போகும். வாங்கும்போது பிஸ்கட் நிறம், இப்போது கித்துள் பாணி நிறம். இடது சப்பாத்தின் மேல் கியர் உரசி உரசி ஒரு கறுப்புத் தழும்பு. 2022 இல் பெற்றோல் வரிசை அலுத்துச் சைக்கிளுக்கு மாறிய மாதங்களில் அது கொஞ்சம் மங்கியது. பிறகு பழையபடி வந்துவிட்டது. அதை மறைக்க எனக்கு மனமில்லை.

முதல் வருடம் விட்ட பிழை தேங்காய் எண்ணெய். வீட்டில் போத்தல் நிறைய இருக்க, காசு கொடுத்துக் கிறீம் எதற்கு என்று நினைத்து வாரம் தவறாமல் பூசினேன். நாலைந்து மாதத்தில் தோல் தொய்ந்து கணுக்காலில் நிற்க மறுத்தது, காறல் மணம் வேறு. “உந்தச் சப்பாத்தை முதல்ல முத்தத்தில வை” என்று அம்மா துரத்தினார். சப்பாத்து தைக்கிற ஐயா அழுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை எண்ணெயில பொரிச்சனீங்களோ?” என்றார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேன்மெழுகு கலந்த கிறீம், ஒரு காலுக்குக் கச்சான் கொட்டை அளவு. அவ்வளவுதான்.

இங்கே உப்புத்தான் பெரிய தொல்லை. நனைந்து காய்ந்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அதன்மேல் பொலிஷ் போட்டால் உப்பு உள்ளேயே இருந்து ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முழுச் சப்பாத்தையும் துடைக்க வேண்டும். கோட்டை மட்டும் துடைத்தால் அது இடம் மாறி இன்னொரு கோடாக நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் உள்ளே பேப்பர் அடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள். அடுப்படியில் வைத்தால் ஈரத் தோல் சுருங்கி விறைத்து, பிறகு மடிப்பில் வெடிக்கும். பூஞ்சணம் பிடித்தால் முற்றத்தில் வைத்துத் தட்டிவிட்டு, வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைப்பேன். அலுமாரிக்குள் வைப்பதே இல்லை. (கோணேசர் கோயிலுக்குப் போகிற நாளில் பூட்ஸ் போடாதீர்கள். லேஸ் அவிழ்ப்பதற்குள் பூசை முடிந்துவிடும்.)

சரி, அந்தப் பெட்டிச் சப்பாத்து. அதன் அடி மெத்தென்ற பொலியூரித்தேன், அதாவது நுரை போன்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். ஒரு கலியாண மண்டபப் படியேறும்போது வலது அடி பிட்டுப் போல உதிர்ந்தது. மணவறை வரைக்கும் என் தடம். மேல்தோலோ புத்தம் புதிது. வேலைச் சப்பாத்துக்குத் தைத்த ரப்பர் அடி, ஒருமுறை மாற்றியாயிற்று. இனி அடியைக் கேட்காமல் சப்பாத்து வாங்க மாட்டேன்.

உதிர்ந்ததன் மேல்தோலில் ஐயா ஒரு வார் வெட்டித் தந்தார். மோட்டார் சைக்கிள் திறப்பில் தொங்குகிறது. அதுவும் கறுக்கத் தொடங்கிவிட்டது.