பெர்லின் மாரத்தானுக்கு "கன்ஃபர்ம் ஸ்லாட்"னு காசு கேட்டா கொடுக்காதீங்க, என் 2,72,000 ரூபா போச்சு

எல்லாருக்கும் வணக்கங்க. ஊருக்கு வந்து பெட்டியக் கூட இன்னும் பிரிக்கல, கோபத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. பெர்லின், டோக்கியோ, லண்டன்னு வெளிநாட்டு பெரிய மாரத்தானுக்கு ஏஜென்ட் மூலமா போகலாம்னு இருக்கறவங்க இத முழுசா படிச்சுட்டு அப்புறம் காசு கட்டுங்க. என்ன செய்யணும் என்ன செய்யக்கூடாதுன்னு கடைசில எழுதறேன். எனக்குப் போனது 2,72,000 ரூபா. ஃப்ளைட் டிக்கெட், விசா ஃபீஸ் எல்லாம் தனி. இவ்ளோ கட்டிட்டுப் போயி ஒரு கிலோமீட்டர் கூட ஓடல, ஸ்டார்ட் கேட்டுக்குள்ளயே போக முடியல.

கம்பெனி பேரு போடல, வக்கீல் வேண்டாம்னுட்டாரு. கோயம்புத்தூர்ல இருந்துட்டு, ரன்னிங் குரூப்புகள்ல ஆள் பிடிச்சு, "மாரத்தான் டூர்"னு பேக்கேஜ் போடற ஒரு டிராவல் ஏஜென்சி. இவ்ளோதான் இப்ப சொல்ல முடியும்.

பெர்லின் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வருஷா வருஷம் செப்டம்பர் பின்பாதில ஒரு ஞாயித்துக்கிழமை நடக்கும். ரோடு மேடு பள்ளமே இல்லாம சமமா இருக்கும், அதனாலதான் அங்க அவ்ளோ உலக ரெக்கார்ட் விழுந்திருக்கு, 2022-ல ஆம்பளைங்கள்ல கிப்சோகே 2 மணி 1 நிமிஷம் 9 செகண்ட், 2023-ல பொம்பளைங்கள்ல டிகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிஷம் 53 செகண்ட். மேஜர்ஸ்ங்கற உலகப் பெரிய மாரத்தான் வரிசைல, பெர்லினும் சேர்ந்த பழைய ஆறு ரேஸும் முடிச்சா கிடைக்கற பெரிய மெடலுக்காக உலகம் பூரா இருந்து வர்றாங்க. இடம் கிடைக்கறது குலுக்கல்லதான். அது இல்லேன்னா அவங்க வெச்சிருக்கற நேரத்துக்குள்ள ஓடி முடிச்ச சர்டிஃபிகேட் வேணும், இல்ல ஏதாவது தர்ம ஸ்தாபனத்துக்கு நிதி திரட்டித் தரணும், இல்ல ரேஸ் நடத்தறவங்களே அங்கீகாரம் கொடுத்த டூர் ஆபரேட்டர்கிட்ட பேக்கேஜா வாங்கணும். இந்தக் கடைசி வழி நெஜமாவே இருக்கு. அத வெச்சுத்தான் இந்த ஏஜென்சிக்காரன் எங்கள ஏமாத்தினான்.

எனக்குக் குலுக்கல்ல விழல. பொங்கல் கழிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை ரேஸ் கோர்ஸ்ல லாங் ரன் முடிச்சு எல்லாரும் இளநி குடிச்சிட்டு நிக்கறோம், அப்பதான் எங்க குரூப் ஆளு ஒருத்தர் இவனக் கூட்டிட்டு வந்தாரு. வந்தவன் பேக்கேஜ் பத்தியே பேசல. என்ன ஷூ போடறீங்க, எத்தன கிலோமீட்டர்ல எனர்ஜி ஜெல் எடுப்பீங்க, முப்பதுக்கு மேல கால் பிடிக்குதான்னு ஒரு ஓட்டக்காரன் கேக்கற கேள்வியாத்தான் கேட்டான். அப்புறம் பையில இருந்து பெர்லின் மெடல எடுத்து என் கையில வெச்சான். பின்னாடி அவன் பேரும் ஓடின நேரமும் பொறிச்சிருந்துச்சு, ரிப்பன்ல வேர்வை உப்பு வெள்ளையா கோடு கட்டியிருந்துச்சு. "அக்கா, நானும் ரன்னர்தான், லாட்டரில வராதப்ப எவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் ஆபரேட்டர் கோட்டா வெச்சிருக்கேன்"னான். ஓடறவன் ஓடறவள ஏமாத்த மாட்டான்னு அங்க நின்ன அத்தன பேரும் நம்பினோம். ஆபீஸுக்குப் போனா செவுரு பூரா பிராண்டன்பர்க் கேட் முன்னாடி மெடலோட நிக்கற நம்மூர் ஆளுங்க போட்டோ. "இவங்க எல்லாம் நம்ம மூலமா போனவங்கதான்க்கா"ன்னான்.

அந்த போட்டோவோட உண்மை இப்பதான் தெரிஞ்சுது, இத எல்லாரும் நல்லா கவனிக்கணும். அதுல இருந்த ரெண்டு பேர இப்ப தேடிப் பிடிச்சு பேசினேன். ரெண்டு பேருக்குமே அவங்களாவே குலுக்கல்ல இடம் கிடைச்சிருக்கு, இவன்கிட்ட ஹோட்டல் மட்டும்தான் போட்டிருக்காங்க. அதக் காட்டித்தான் எங்ககிட்ட "கேரன்டி என்ட்ரி"ன்னு வித்திருக்கான். அவங்களுக்கே தெரியாதாம் அவங்க போட்டோ அங்க மாட்டியிருக்கறது.

பேக்கேஜ் 2,50,000. அதுல ரேஸ் என்ட்ரி, பிராண்டன்பர்க் கேட்ல இருந்து நடக்கற தூரத்துல ஹோட்டல், ஏர்போர்ட் பிக்கப், ஓடறப்ப நெஞ்சுல குத்திக்கற நம்பர் வாங்கப் போற பஸ் எல்லாம் அடக்கம்னு பேச்சு. முதல்ல 1,00,000 கட்டினேன், நான் கட்டின சீட்டு எடுத்த காசு அது. விசா சமயத்துல 1,50,000. அப்புறம் ஆகஸ்ட்ல போன் பண்ணி, ரேஸ் அன்னிக்கு ரோடு பூரா அடைச்சிருவாங்க, ஸ்டார்ட் வரைக்கும் பர்மிட் வாங்கின தனி கார் வேணும்னு சொல்லி 22,000. மொத்தம் 2,72,000. இந்தக் கார் விஷயமே முழுப்பொய்னு அங்க போனதும் தெரிஞ்சுது. ஸ்டார்ட்டும் ஃபினிஷும் டியர்கார்டன் பார்க்குக்கு நடுவுல போற ஜூன் 17 ரோட்டுல. ரேஸுக்கு முன்னாடியே அத வண்டிக்கு அடைச்சிடறாங்க, அத்தன ஆயிரம் பேரும் ரயில்ல வந்து எறங்கி நடந்துதான் போறாங்க. சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம்தான். இல்லாத காருக்கு 22,000 வாங்கியிருக்கான்.

எனக்கு வரவேண்டிய கன்ஃபர்மேஷன் மெயில் எங்கன்னு ஜூன்ல இருந்தே கேட்டுட்டுதான் இருந்தேன். "குரூப் என்ட்ரிக்கா, எங்க மெயிலுக்குத்தான் வரும்." "ஜெர்மனில இப்ப லீவ் சீசன்." "நாளைக்கு ஈவ்னிங் அனுப்பிடறேன்." கடைசில ஏர்போர்ட்ல போர்டிங்குக்கு நிக்கறப்ப வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் வருது. ஸ்டார்ட் பாஸ், க்யூஆர் கோட் எல்லாம் இருக்கு, ஆனா பேரு யாரோ ஒரு ஆம்பள பேரு. அங்கிருந்தே போன் போட்டேன். "அது ஒண்ணும் இல்லக்கா, நேம் சேஞ்ச் அங்க கவுண்டர்ல அஞ்சு நிமிஷ வேலை, எங்க ஆளு நிப்பான்"ன்னான். ஈரோட்டுல இருந்து எங்ககூட வந்த ஒரு அண்ணன், பேங்க்ல ரிட்டையர்டு ஆனவரு, அவருக்கு வந்த பாஸ்ல ஒரு பொண்ணு பேரு.

நம்பர் கொடுக்கறது டெம்பிள்ஹோஃப்ங்கற பழைய ஏர்போர்ட்ல, விமானம் நிறுத்தற பெரிய பெரிய கொட்டகைக்குள்ள நடக்கற எக்ஸ்போங்கற கண்காட்சில. அவன் சொன்ன ஆளும் இல்ல, பஸ்ஸும் இல்ல, யூ6 மெட்ரோ ரயில்ல நாங்களே கேட்டு கேட்டுப் போனோம். பாஸ்போர்ட் மாதிரி போட்டோ அடையாளத்தோட ஆள் நேர்ல வரணும், அப்பதான் நம்பர். அதோட கையில ஒரு துணிப்பட்டை கட்டி விடறாங்க. ஞாயித்துக்கிழமை அந்தப் பட்டை இல்லாம ஸ்டார்ட் ஏரியாவுக்குள்ள விட மாட்டாங்க, ரேஸ் அன்னிக்கு நம்பர் கொடுக்கறதும் கிடையாது. கவுண்டர்ல இருந்தது வயசான ஒரு அம்மா, கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிட்டு என் பாஸ்போர்ட்டப் பாத்தாங்க, ஸ்க்ரீனப் பாத்தாங்க, மறுபடி பாஸ்போர்ட்டப் பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "இது உங்க இடம் இல்லை, இந்த ரேஸ்ல ஒருத்தர் இடத்த இன்னொருத்தருக்கு மாத்தவே முடியாது"ன்னாங்க. பிரச்சினை டெஸ்க்குக்கு அனுப்பினாங்க, அங்கயும் அதேதான். யார்கிட்ட வாங்கினீங்கன்னு கேட்டு, அங்கீகாரம் பெற்ற ஆபரேட்டர் லிஸ்ட்ட ஸ்க்ரீன்லயே காட்டினாங்க. நம்ம ஆளு பேரு அதுல இல்லவே இல்ல. எனக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் கையில பட்டை கட்டிட்டு சிரிச்சிட்டே போறாங்க, நான் ஒரு ஓரமா நின்னு அவனுக்கு போன் மேல போன் போட்டுட்டு இருக்கேன், ரிங் போகுது, கட் ஆகுது.

ஹோட்டலும் அப்படித்தான். பிராண்டன்பர்க் கேட் பக்கம்னு சொன்னது ஏர்போர்ட் பக்கத்துல ஷோனஃபெல்ட்ல, பெர்லின் எல்லைக்கே வெளிய. ஊருக்குள்ள வர்றதுக்கு நகர எல்லைக்குள்ள மட்டும் செல்லற ஏபி டிக்கெட் போதாது, வெளிப்பகுதியும் சேர்ந்த ஏபிசி வாங்கணும், ரயில்லயே அரை மணிக்கு மேல. ஞாயித்துக்கிழமை ரூம்ல உக்கார முடியல, போட்ஸ்டாமர் பிளாட்ஸ் போயி ரோட்டோரம் நின்னேன். அது 38 கிலோமீட்டர் வர்ற இடம். எத்தனை மாசமா விடியக்காலைல எந்திரிச்சு ஓடினேன், புள்ளைங்கள வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. காசு கூட சம்பாரிச்சுக்கலாம், இந்த ட்ரெயினிங்க எவன் திருப்பித் தருவான்?

இனி இவங்க தட்டிக்கழிச்ச லட்சணத்தப் பாருங்க. நம்பர் கிடைக்காத அன்னிக்கு ராத்திரி வந்த மெசேஜ்: "அக்கா டென்ஷன் ஆகாதீங்க, ஜெர்மனி சைடுல பேசிட்டு இருக்கோம்." மறுநாள் "சார் ஃப்ளைட்ல இருக்காரு." ரேஸ் முடிஞ்சதும் டோனே மாறிடுச்சு. "ஆர்கனைசர் முடிவுக்கு நாங்க பொறுப்பில்ல, டெர்ம்ஸ்ல இருக்கு பாருங்க." எந்த டெர்ம்ஸ்? காசு கட்டறப்ப அப்படி ஒரு பேப்பரே கொடுக்கல, இப்பதான் புதுசா ஒரு பிடிஎஃப் அனுப்பறாங்க. ஊருக்கு வந்ததும் ஈரோட்டு அண்ணனும் நானும் ஆபீஸுக்கு நேர்லயே போனோம். ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு, பாவம் அதத் திட்டி என்ன பண்றது, "மேடம் நீங்க லேட்டா போயி நம்பர் வாங்காம விட்டுட்டீங்கன்னு சிஸ்டத்துல இருக்கு"ங்குது. வெள்ளிக்கிழமையே போயி நின்னவ நான்! உள்ள ரூம்ல அவன் பேசற சத்தம் எங்களுக்கே கேக்குது, ஆனா "சார் சென்னைல இருக்காரு"ங்கறாங்க.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "அக்கா, 2,72,000 எல்லாம் ரீஃபண்ட் வராது, அடுத்த வருஷம் பெர்லினுக்கு கிரெடிட் நோட் தர்றேன். குரூப்ல போட்ட மெசேஜ டெலீட் பண்ணிடுங்க, குட்வில்லா ஒரு 15,000 அனுப்பறேன்." நான் முடியாதுன்னுட்டேன். அதுக்கப்புறம் பிளாக். குரூப்ல அவனக் கூட்டிட்டு வந்த ஆளும் "பர்சனல் விஷயத்த இங்க பேச வேண்டாம்"னு மெசேஜ் போடறாரு. அத்தன பேரு முன்னாடி கூட்டிட்டு வந்தது மட்டும் பர்சனல் இல்லையா?

ஆடிட்டர்கிட்ட பில்லக் காட்டினேன். "டூர் சர்வீஸ் சார்ஜஸ்"னு ஒத்தை வரி, ரேஸ் என்ட்ரின்னு ஒரு வார்த்தை இல்ல. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விக்கறவன் டிசிஎஸ்னு ஒரு வரி பிடிக்கணும், அது நம்ம பான் நம்பர்ல 26ஏஎஸ்ங்கற வருமான வரிக் கணக்குல தெரியணும். எனக்கு ஒரு ரூபா கூட தெரியல. அந்த 22,000 போனது கம்பெனி கணக்குக்கே இல்ல, வேற யாரோ ஒருத்தர் பேர்ல இருக்கற யூபிஐக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன், நெறைய எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப இவ்ளோதான் முடியுது. ரேஸ் நடத்தறவங்க வெப்சைட்லயே அங்கீகாரம் பெற்ற ஆபரேட்டர் லிஸ்ட் இருக்கும், அதுல பேரு இல்லாதவன்கிட்ட என்ட்ரிக்குன்னு ஒத்தை ரூபா கொடுக்காதீங்க. பேரு இருந்தாலும் அவங்களுக்கே மெயில் போட்டு ஒரு தடவ கேட்டுக்கங்க. என்ட்ரி கன்ஃபர்மேஷன் உங்க பேர்ல, உங்க பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுதி கைக்கு வராம மீதிக் காசு கட்டாதீங்க. "நேம் சேஞ்ச் அங்க போயி பண்ணிக்கலாம்"னு எவனாவது சொன்னா அப்பவே எந்திரிச்சு வந்துடுங்க. ஹோட்டல் அட்ரஸ மேப்ல போட்டுப் பாருங்க, ஹோட்டலுக்கே போன் பண்ணி உங்க பேர்ல ரூம் இருக்கான்னு கேளுங்க. பில்லுல ரேஸ் பேரும் "என்ட்ரி"யும் தனி வரில வரணும், டிசிஎஸும் வரணும். விசாவுக்கு எடுக்கற டிராவல் இன்சூரன்ஸ் இந்த மாதிரி ஏமாத்துக்கு உதவாது, நான் கேட்டுப் பாத்துட்டேன்.

ஏற்கெனவே மாட்டினவங்க நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிவு பண்ணுங்க. நான் பண்ணிட்டேன், நம்பர் வந்திருக்கு. கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போட கோர்ட் ஃபீஸ் இல்ல, இ-ஜாக்ரிதி சைட்ல ஆன்லைன்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும். வாட்ஸப் சாட் எல்லாத்தையும் உடனே எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்கங்க, அவன் "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" கொடுக்க ஆரம்பிச்சுட்டான், என் சாட்லயே ரெண்டு மூணு மெசேஜ் காணாமப் போச்சு.

இதே ஆளு இப்ப டோக்கியோவுக்கு "கன்ஃபர்ம் ஸ்லாட்"னு அட்வான்ஸ் வாங்கிட்டு இருக்கான்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். அது மார்ச்ல வந்துடும், அங்கயும் நம்பர் அவங்கவங்க நேர்ல போயித்தான் வாங்கணும். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் யாராவது கட்டியிருந்தா இன்னிக்கே எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ரசீதும் பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வைங்க. ஈரோட்டு அண்ணனும் நானும் இந்த வாரம் போலீஸ் கமிஷனர் ஆபீஸ்ல மனு கொடுக்கப் போறோம், உங்க பேரையும் அதுலயே சேத்துடலாம்.