ஐந்து வருடம் ஒரே மூச்சிலா, மூன்றும் இரண்டுமாகவா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் சைதாப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவள் மகள் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போட்ட கணக்கை நீட்டினாள். "மாமா, இன்டகிரேட்டட்ல சேர்ந்தா அஞ்சே வருஷத்துல எம்.எஸ்ஸி. முடிச்சிடலாம். ஒரு வருஷம் மிச்சம்."

இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஒரே படிப்பைத்தான் இன்டகிரேட்டட் என்கிறாள். "பி.எஸ்ஸி. எத்தனை வருஷம்? எம்.எஸ்ஸி. எத்தனை வருஷம்? கூட்டு" என்றேன். மூன்றும் இரண்டும் ஐந்து. பேனாவை மூடிவிட்டாள்.

இந்த ஒரு வருட மிச்சத்தைப் பல வீடுகளில் கேட்கிறேன். முதுநிலை வரை போகும் படிப்புகளில் அது பெரும்பாலும் பொறியியலுக்குத்தான் உண்மை. பி.டெக். நான்கு, எம்.டெக். இரண்டு, ஆக ஆறு. இரண்டு பட்டத்தையும் சேர்த்துத் தரும் ஐஐடி மெட்ராஸின் டூயல் டிகிரியில் அதுவே ஐந்து. தனியாக கேட் (GATE) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக்.குக்கு இடம் தேட வேண்டிய அலைச்சலும் இல்லை. முதலில் பி.டெக்.கில் சேர்ந்துவிட்டு, மதிப்பெண் நன்றாக இருந்தால் நடுவில் டூயலுக்கு மாறும் வழியும் அங்கே உண்டு. டேட்டா சயின்ஸ், ரோபாட்டிக்ஸ் என்று வேறு துறையோடு சேர்த்தும் எடுக்கலாம். என்னைக் கேட்டால், பதினேழு வயதில் முடிவெடுப்பதைவிட இப்படி நடுவில் மாறுவதுதான் நல்லது. ஆறு வருட வழியும் நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. கேட் மூலம் ஐஐடி, என்ஐடியில் எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கல்லூரியையும் துறையையும் மாற்றிக்கொள்ளலாம்.

கலை, அறிவியலில் சேர்த்துப் படித்தாலும் பிரித்துப் படித்தாலும் ஐந்துதான். மிச்சமாவது இரண்டாவது அட்மிஷன். மூன்றாம் வருடக் கடைசியில் நுழைவுத் தேர்வு, விண்ணப்பக் கட்டணம், இடம் கிடைக்குமா என்ற கவலை எதுவும் இல்லை. என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், இதற்காகவே இன்டகிரேட்டட் பக்கம் நிற்கிறார். "பொண்ணு ஒரு இடத்துல உட்கார்ந்து நிம்மதியா படிக்கட்டும் மச்சான்" என்கிறார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

அந்த நிம்மதிக்கு நல்ல உதாரணம் கிண்டியில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி, 1794-ல் தொடங்கியது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., எலக்ட்ரானிக் மீடியா பிரிவுகளில் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. உண்டு. ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஆனால் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தோடு இது வராது, தனியாகப் போட வேண்டும். இது தெரியாமல் தேதியைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு. இன்னொன்று, அது எம்.எஸ்ஸி., பி.இ. அல்ல. 'பி.இ. / பி.டெக்.' என்று மட்டும் கேட்கும் வேலை விளம்பரத்துக்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு வேலை என்றால் பட்டம் எதற்குச் சமம் என்ற சமநிலை அரசாணை இருக்கிறதா என்பதையும் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மூன்று கூட்டல் இரண்டின் பலம் நடுவில் இருக்கும் வாசல். நான் இயற்பியலில் பி.எஸ்ஸி. சேர்ந்தவன். இரண்டாம் வருடம் துணைப்பாடமாக வந்த புள்ளியியலில் மனது போய்விட்டது. மூன்று வருடம் முடிந்ததும் எம்.எஸ்ஸி.யில் அதற்கே மாறினேன். இன்று வரை சோறு போடுவது அதுதான். ஐந்து வருடப் படிப்பில் மாட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. மாட்டிய பிள்ளை ஒருத்தனை எனக்குத் தெரியும். மூன்றாம் வருடம் அப்பா தவறியதும் வேலைக்குப் போக வேண்டிய நிலை. அவன் படித்த இடத்தில் நடுவில் விலகுபவருக்கு இளநிலைப் பட்டம் தரும் விதி இல்லை. ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தான். ஒவ்வொரு தாளிலும் நல்ல மதிப்பெண். பட்டம் மட்டும் இல்லை. அதனால் சொல்கிறேன், இன்டகிரேட்டட்டில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மூன்று வருடத்தில் வெளியே வந்தால் கையில் என்ன தருவீர்கள்? எழுத்தில் இருக்கிறதா?

சென்னையில் அந்த நடு வாசலுக்கு வெளியே நல்ல இடங்கள் இருக்கின்றன. கணிதம் படித்தவருக்கு சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்ஸி., பொருளியல் பக்கம் போக நினைப்பவருக்கு கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அறிவியலுக்கு ஜாம் (JAM) என்ற எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி. ஐஐடி மெட்ராஸே 2006 முதல் நடத்திய ஐந்தாண்டு எம்.ஏ.வை 2023-ல் விட்டுவிட்டு இரண்டாண்டு எம்.ஏ.வுக்கு மாறிவிட்டது. இன்னும் சிலர் பழைய நினைவில் அந்த ஐந்தாண்டுப் படிப்பைச் சொல்லி அனுப்புகிறார்கள்.

பி.ஏ. எல்.எல்.பி.யையும் இதே வரிசையில் வைத்துக் கேட்கிறார்கள். அது ஐந்து வருடம்தான், ஆனால் இரண்டும் இளநிலைப் பட்டங்கள். சட்டத்தில் முதுநிலையான எல்.எல்.எம். அதற்கப்புறம் தனி. நான்கு வருட ஆனர்ஸ், பிறகு ஒரு வருட முதுகலை என்ற புதிய முறையும் கூட்டினால் ஐந்துதான்; நம் அரசுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம்தான் தொடர்கிறது.

உதவித்தொகையில் ஒரு செய்தி. ப்ளஸ் டூவில் தன் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை கிடைக்கும். சேர்த்துப் படித்தாலும் பிரித்துப் படித்தாலும் தகுதி உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

தங்கை மகளிடம் கடைசியில் ஒன்று கேட்டேன். "கணக்கா, கம்ப்யூட்டரா, பொருளாதாரமா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூணும் பிடிக்குது மாமா" என்றாள். அப்படியென்றால் அவளுக்கு பி.எஸ்ஸி. கணிதம்தான் என்பது என் கருத்து. மாப்பிள்ளை இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. கிண்டிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைத்திருக்கிறோம்.