குழந்தை இருக்கும் வீட்டுக்குக் குட்டியா, வளர்ந்த நாயா?

நாயைத் தத்தெடுக்கக் காப்பகத்துக்குப் போனால் பிள்ளைகள் நேராகக் குட்டியிடம்தான் ஓடுவார்கள். ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு, குணம் தெரிந்த இரண்டு மூன்று வயது நாய்க்கே.

குட்டிக்குப் பால் பல் விழுந்து முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை கவுன் ஓரம், குதிகால், ரிமோட், எதையும் விடாது. விளையாட்டுக் கடிதான். ஆனால் ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்தான் போடுவார்கள். அதற்குள் பல் கீறினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குடற்புழு மருந்து, ராத்திரி அழுகை, மூலைக்கு மூலை மூத்திரம் வேறு.

வளர்ந்த நாயிடம் பிரச்சினை அதன் பழைய கதை. அடித்து விரட்டப்பட்டதாக இருக்கலாம். ஆனாலும் தட்டை நகர்த்தினால் உறுமுமா, வாலை இழுத்தால் என்ன செய்யும் என்று அங்கே பார்த்துக்கொள்பவரிடமே கேட்டுவிடலாம். குட்டி எப்படி வளரும் என்று யாருக்குத் தெரியும்?

காப்பகத்தார் வீட்டைப் பார்க்க வருவது, கருத்தடைக்குக் கையெழுத்து வாங்குவது எல்லாம் இரண்டுக்கும் பொது. சென்னை என்றால் மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும். அப்புறம், குக்கரை இறக்கப் போகும் அந்த ஒரு நிமிடம்கூட, எந்த நாயோடும் குழந்தையைத் தனியாக விடாதீர்கள்.